மூணு லட்சம் எடுத்தது யார்?

பணி ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் பன்னீர்செல்வம் ஒரு சபதம் எடுத்தார். முப்பத்து நாலு வருஷம் மேலதிகாரிகள் சொன்னதைக் கேட்டாயிற்று. இனிமேல் யார் சொன்னாலும் கேட்பதில்லை. சபதத்தை மனசுக்குள் சொல்லி முடிப்பதற்குள் சமையலறையிலிருந்து நீலாவதியின் குரல் வந்தது.

"பால் பொங்குது. இறக்கி வைங்க."

போய் இறக்கி வைத்தார். பால் விஷயம் சபதத்தில் சேராது என்று தீர்மானித்துக்கொண்டார்.

சபதத்தின் முதல் பலன் மூன்றாவது வாரம் ஒரு குட்டி லாரியில் வந்து இறங்கியது. பன்னீர்செல்வம் வங்காளத்தில் கிடர்பூர் துறைமுகத்தில் கிரேன் எலெக்ட்ரீஷியனாக இருந்தவர். துறைமுகத்துக்குப் பக்கத்தில் மாலுமிகள் வந்து பொழுதுபோக்கிய பழைய கிளப் ஒன்றை மூடினார்கள். அங்கே மூலையில் வருஷக்கணக்காக ஓடாமல் கிடந்த பின்பால் மெஷினை, வேண்டியவர்கள் எடுத்துப் போகலாம் என்றார்கள். வேண்டியவர் அவர் ஒருவர்தான். நாலு ஆட்கள் மூச்சு வாங்க அதைத் தூக்கிவந்து பெஹாலா வீட்டின் முன்னறையில் வைத்தார்கள். சோபா வாசலுக்குப் போனது.

சாய்வான மேஜை, மேலே கண்ணாடி, உள்ளே இரும்புக் குண்டு. ஸ்பிரிங்கை இழுத்து விட்டால் குண்டு சீறிக்கொண்டு மேலே போய், மணிகளில் முட்டி, விளக்குகளை ஏற்றி, உருண்டு கீழே வரும். பள்ளத்தில் விழுந்துவிடாமல் பக்கவாட்டுப் பட்டன்களை அமுக்கி இரண்டு குட்டி மட்டைகளால் அதைத் திருப்பி அடிக்க வேண்டும். மணி அடிக்க அடிக்க எண் ஏறும். தலைமாட்டில் ஒரு பெட்டி. அதன் முகப்புக் கண்ணாடியில் எண் தெரியும் இடத்துக்குக் கீழே ஒரு படம்.

நீலாவதி இடுப்பில் கை வைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தாள்.

"இது யாரு?"

"கடல் கன்னி."

"கன்னிக்குத் துணி எங்க?"

"கடல்ல எதுக்கு நீலா துணி? நனைஞ்சிடும்."

நீலாவதி உள்ளே போய் அவருடைய ஈரிழைத் துண்டை எடுத்துவந்து கடல் கன்னியின் கழுத்தோடு சேர்த்து ஒட்டினாள். பிறகு தீர்ப்பு சொன்னாள்.

"ரிப்பேர் ஆகற வரைக்கும் இங்க இருக்கட்டும். ஓடின அன்னிக்கே தம்பி கடைக்குப் போயிடணும். எனக்கு என் முன்ரூம் வேணும்."

தம்பி என்பது பிரேம்குமார். லேக் கார்டன்ஸில் டிபன் கடை வைத்திருப்பவன். தோசைக்குக் காத்திருப்பவர்கள் விளையாடட்டும் என்று கல்லாவுக்குப் பக்கத்தில் இடம்கூட ஒதுக்கிவிட்டானாம். பன்னீர்செல்வம் சரி என்றார். சரி என்று சொல்வதில் அவருக்கு முப்பது வருஷக் குடித்தன அனுபவம் உண்டு.

தலைப்பெட்டியைத் திறந்தபோது அவருக்குத் தலை சுற்றியது. கிரேனில் எல்லாமே ஆள் உயரம். கையால் தொட்டால் ஆளே இருக்கமாட்டான், அவ்வளவு மரியாதையான சாமான்கள். இங்கே பச்சைப் பலகையில் எறும்பு, பூரான், மரவட்டை என்று ஒரு பூச்சிக் கண்காட்சியே இருந்தது. பாட்டரி கசிந்து பலகையின் ஓரமெல்லாம் பாசி பூத்திருந்தது. எது நல்லது, எது செத்தது, எதற்கு என்ன பெயர் என்று தெரியவில்லை. சாந்தினி மார்க்கெட்டுக்குப் போய் ஒரு பூதக்கண்ணாடியும் ஒரு புத்தகமும் வாங்கிவந்தார். சாயங்காலம் சாயங்காலம் படிப்பு நடந்தது. படித்ததை யாருக்காவது சொல்லாவிட்டால் அவருக்குச் செரிக்காது. காய் நறுக்கிக்கொண்டிருந்த நீலாவதியைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

ரெசிஸ்டர் என்பது குச்சித் துண்டு மாதிரி இருக்கும். வளையல் போட்டதுபோல உடம்பில் கோடுகள். கோட்டின் நிறத்தை வைத்துத்தான் அதன் அளவைக் கண்டுபிடிக்க வேண்டும். டியூப் லைட் வெளிச்சத்தில் அவர் கண்ணுக்கு எல்லாக் கோடும் ஒரே மாதிரி தெரிந்தன.

"முதல் கோடு என்ன கலரு?"

"அரக்கு."

"அரக்கெல்லாம் இதுல கிடையாது. சிவப்பா, பிரவுனா?"

"நம்ம பொண்ணு தமிழரசி கல்யாணத்துக்கு எடுத்தோமே, அந்தப் பட்டுப்புடவைக் கரை."

"புடவைக் கரைன்னு எழுதிக்கிட்டுப் போனா எவன் ரெசிஸ்டர் குடுப்பான்?"

"அப்ப பிரவுன்னு எழுதிக்கங்க. ரெண்டாவது பாசிப்பச்சை. மூணாவது கிச்சிலிப்பழக் கலரு, அதான் ஆரஞ்சு."

புத்தகத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டார். பதினைந்தாயிரம் ஓம். மீட்டரை வைத்துப் பார்த்தார். மீட்டரும் பதினைந்தாயிரம் என்றது.

"குருட்டு அதிர்ஷ்டம்" என்றார்.

"இது ஏன் வயிறு உப்பிக்கிட்டு நிக்குது?"

"அது கெபாசிட்டர். வாயுக் கோளாறு. மாத்தணும்."

"இந்தப் பூரான்?"

"அதைத் தொடாதே! அதுதான் மெஷினோட மூளை. சிப். அதை உருவிட்டா மொத்த மெஷினும் பொணம்."

மெஷினோடு ஒரு பை நிறைய உபரி பாகங்களும் வந்திருந்தன. அதில் கைவிட்டு இன்னொரு பூரானை எடுத்தாள் நீலாவதி. அதே நீளம், அதே கறுப்பு, அதே இருபத்து நாலு கால்.

"ரெண்டும் ரெட்டைப் பிள்ளை மாதிரி இருக்கே. எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"மூஞ்சியைப் பாக்கக் கூடாது. முதுகுல இருக்கற நம்பரைப் பாக்கணும். கடைசியில ஏழுன்னு இருந்தா நம்ம மூளை. ஒண்ணுன்னு இருந்தா அது வேற மெஷினோடது. இதுல போட்டா வாயே தொறக்காது."

"திருப்பிப் போட்டுட்டா?"

"ஒரு ஓரத்துல பல்லு விழுந்த மாதிரி பள்ளம் இருக்கு பாரு. பள்ளம் மேல வரணும். ரெண்டு ஓரத்தையும் சமமா அமுக்கணும். இல்லேன்னா கால் வளைஞ்சிடும். புரியுதா?"

"எனக்கு எதுக்குங்க இதெல்லாம்" என்று நீலாவதி கொட்டாவி விட்டாள்.

இப்படியே நாலு மாசம் போனது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நீலாவதி கோயிலுக்குப் போயிருந்த நேரம். பன்னீர்செல்வம் சுவிட்சைப் போட்டார். விளக்குகள் எரிந்தன. கடல் கன்னி துண்டோடு சிரித்தாள். குண்டு மேலே போய் டிங் என்று மணியில் முட்டியது. பன்னீர்செல்வத்துக்குக் கண் கலங்கிவிட்டது. ஐம்பது டன் கிரேனைத் தூக்க வைத்தபோதுகூட அவருக்கு இப்படி ஆனதில்லை.

ஒரு மணி நேரம் ஆடினார். பிறகுதான் பிரேம்குமாரின் கடை ஞாபகம் வந்தது. இந்தப் பட்டன்களை ஊரில் உள்ள பிள்ளைகளெல்லாம் சட்னிக் கையோடு அமுக்குவதை நினைத்துப் பார்த்தார். தலைப்பெட்டியைத் திறந்து சிப்பை உருவினார். தைல டப்பாவுக்குள் போட்டு மூடினார். நீலாவதி வந்தாள்.

"என்னங்க, ஓடுச்சா?"

"எங்க ஓடறது! இன்னும் நெறைய வேலை இருக்கு" என்று பெருமூச்சு விட்டார். அவர் வாழ்க்கையிலேயே சிறந்த பெருமூச்சு அது.

அன்று முதல் செவ்வாயும் வெள்ளியும் அவருக்குத் திருநாள். நீலாவதி தெரு திரும்பியதும் சிப் உள்ளே போகும். அவள் வரும் நேரத்துக்குச் சிப் வெளியே வரும். யார் எடுத்த எண் அதிகமோ அதை மெஷின் ஞாபகம் வைத்திருந்து, சுவிட்ச் போட்டதும் காட்டும். புது பாட்டரி போட்டிருந்ததால் சிப்பை உருவினாலும் அந்த ஞாபகம் அழியாது. அவருடைய சாதனை அறுபத்தோராயிரத்து இருநூற்று நாற்பது.

துர்கா பூஜை முடிந்த வாரம், ஒரு வெள்ளிக்கிழமை. சுவிட்சைப் போட்டார். எண் எரிந்தது. ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரத்து முந்நூறு.

பன்னீர்செல்வம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரத்து முந்நூறுதான்.

யாரோ ஆடியிருக்கிறார்கள். தன் வீட்டில், தன் மெஷினில். சிப் ஒளித்து வைத்திருக்கும் இடம் தெரிந்து, அதைச் சரியாகப் பொருத்தி, ஆடிவிட்டு, மறுபடி எடுத்த இடத்திலேயே வைத்திருக்கிறார்கள். கேட்கலாமென்றால் யாரைக் கேட்பது? ஓடாத மெஷினில் ஆடியது யார் என்று எந்த வாயால் கேட்பது? திருட்டுச் சாமானைப் பறிகொடுத்தவன் போலீசுக்குப் போக முடியுமா?

முதல் சந்தேகம் பிரேம்குமார்மேல் விழுந்தது. அக்கா வீட்டுச் சாவி ஒன்று அவனிடம் இருக்கிறது. இரண்டாவது சந்தேகம் மாடி வீட்டு வங்காளி அண்ணி மித்ரா பௌதிமேல். அவள் முன்பொரு நாள் மெஷினை நிறைய நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்றாவது சந்தேகம் தண்ணீர் கேன் போடுபவன்மேல். நீலாவதிமேல் சந்தேகம் வரவில்லை. மிக்ஸியில் விளக்கு எரிந்தாலே இவரைக் கூப்பிடுகிறவள் அவள்.

சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தார்.

"நீலா, நான் வாக்கிங் போறப்ப இங்க யாராவது வராங்களா?"

"யாரு வருவா?"

"சும்மா கேட்டேன். உன் தம்பி?"

"அவன் காலையில கடையை விட்டு எங்க வருவான்? ஏன், ஏதாவது காணமா?"

"காணம்னு இல்ல. கூடியிருக்கு."

"கூடியிருந்தா சந்தோஷம்தானே" என்று அவள் போய்விட்டாள்.

பொறி வைத்தார். இரண்டு பட்டன்மேலும் பவுடரை மெல்லிசாகத் தூவிவிட்டு வாக்கிங் போனார். கைரேகை பதியும் என்பது திட்டம். திரும்பி வந்து பார்த்தால் பட்டன்கள் பளபளவென்று இருந்தன.

"பட்டன்லயெல்லாம் ஏதோ மாவு கொட்டிக் கெடந்துச்சு. தொடச்சிட்டேன்" என்றாள் நீலாவதி. "இனிமே மெஷின் பக்கத்துல நின்னு பவுடர் போடாதீங்க."

சிப்பை இடம் மாற்றினார். தைல டப்பாவிலிருந்து ஷூவுக்குள். ஷூவிலிருந்து சாமி படத்துக்குப் பின்னால். எண் ஏறிக்கொண்டே போனது. ஒரு லட்சத்து அறுபது. இரண்டு லட்சத்துப் பத்து. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். இனி சிப் வீட்டிலேயே இருக்காது. மூக்குக்கண்ணாடிக் கூட்டில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வாக்கிங் போனார். அடிக்கடி பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டார். மூளை இல்லாமல் மெஷின் எப்படி ஓடுகிறது, பார்ப்போம்!

நாலு நாள் நிம்மதி. ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை. நீலாவதி கோயிலுக்குப் போனதும் சிப்பைப் பொருத்திச் சுவிட்சைப் போட்டார். மூன்று லட்சத்து இரண்டாயிரத்து ஐந்நூற்று ஐம்பது.

பன்னீர்செல்வம் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். மூளை பையில் இருக்கும்போது மெஷின் ஆடியிருக்கிறது. கிளப்பில் எந்தக் காலத்திலோ ஆடிய மாலுமி எவனாவது செத்தும் ஆட்டத்தை விடவில்லையோ? சீச்சீ. மெஷினையே சந்தேகமாகப் பார்த்தார். கடல் கன்னியும் அவரைச் சந்தேகமாகப் பார்ப்பதுபோல் இருந்தது.

வெளியே வந்தால் மாடிப்படியில் மித்ரா பௌதி நின்றிருந்தாள். இந்தியும் வங்காளமும் கலந்து அவள் விசாரித்ததன் சாரம் இதுதான்:

"பன்னீர்தா, உங்க வீட்டில் காலைப் பூஜை இப்போதெல்லாம் ரொம்ப நேரம் நடக்கிறதே! ஒன்றரை மணி நேரம் மணிச் சத்தம் கேட்கிறது. கேட்கவே எவ்வளவு பக்தியாக இருக்கிறது!"

அந்த நேரத்தில் அவர் வாக்கிங்கில் இருப்பார். அப்படியானால் பூஜை செய்கிற புண்ணியவான் பிரேம்குமார்தான். வேறு சிப் எங்கேயோ சம்பாதித்துவிட்டான்! பன்னீர்செல்வத்துக்கு ரத்தம் கொதித்தது. போனை எடுத்தார்.

"மாப்ள, நேராவே கேக்கறேன். மூணு லட்சம் எடுத்தது நீதானே?"

மறுமுனையில் தோசைக் கரண்டிச் சத்தம் நின்றது.

"மாமா! சத்தியமா இல்ல மாமா! நான் உங்க வீட்டுப் பக்கம் வந்தே மாசமாச்சு. பீரோ சாவி அக்காகிட்டதானே இருக்கு?"

"பீரோவுல இல்லடா. மெஷின்ல."

"மெஷினுக்குள்ள போய் ஏன் மாமா மூணு லட்சத்தை வெச்சீங்க?"

"நான் வெக்கல. ஆடி எடுத்தது!"

"ஆடியில எடுத்ததா? இப்ப ஐப்பசி மாமா. இவ்ளோ நாளா ஏன் சொல்லல?"

"ஆடி மாசம் இல்லடா மடையா! மெஷின்ல ஆடி, குண்டை அடிச்சு, பாயிண்ட் எடுத்தது!"

அந்தப் பக்கமிருந்து வியாபாரியின் குரல் மெதுவாகக் கேட்டது.

"அப்ப மெஷின் ஓடுதா மாமா?"

பன்னீர்செல்வம் போனை வைத்துவிட்டார். ஆனால் வாயிலிருந்து போனது போனதுதான்.

மறுநாள் காலை வாக்கிங் முடித்துத் தெரு முனை திரும்பும்போதே வேன் தெரிந்தது. முன்னறையில் பிரேம்குமாரும் கயிறும் கோணியுமாக இரண்டு ஆட்களும் நின்றிருந்தார்கள். நீலாவதி அவர்களுக்கு டீ கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி மெஷின் ஓடுதுங்கறான். யாரு சொன்னா?" என்று கேட்டாள்.

"மாமாதான்க்கா போன்ல சொன்னாரு."

எல்லாரும் பன்னீர்செல்வத்தைப் பார்த்தார்கள். அவர் மெஷினைப் பார்த்தார்.

"நான் எங்க சொன்னேன்? ஓடலை" என்றார்.

"அதானே!" என்றாள் நீலாவதி. "அவரு ராத்திரி பகலா பாடுபட்டாரு. முடியல. விடு தம்பி. அவரு மனசு கஷ்டப்படும்."

அந்தப் பேச்சு அவருக்கு எங்கேயோ குத்தியது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டார். மெஷின் இங்கேயே நிற்கட்டும், மானம் போகட்டும்.

பிரேம்குமார் டீயை ஊதிக்கொண்டே, "நான் அப்பவே நெனச்சேன் மாமா" என்றான். "கிரேன் வேற, இது வேற. அது முரட்டு வேலை, நீங்க பண்ணிட்டீங்க. இதுக்கெல்லாம் மூளை வேணும். நம்ம கடை மிக்ஸிக்கு ஒருத்தன் வருவான், அவனை அனுப்பட்டுமா?"

மிக்ஸிக்காரன்! பன்னீர்செல்வத்தின் மீசை துடித்தது.

"யாருக்கு மூளை இல்ல? ஓடுதுடா! ரெண்டு மாசமா ஓடிக்கிட்டிருக்கு! மூளை என் பையில இருக்கு, பாக்கறியா?"

சொல்லிவிட்டார். இனி என்ன ஆனாலும் ஆகட்டும். கண்ணாடிக் கூட்டைத் திறந்து சிப்பை எடுத்தார். தலைப்பெட்டியைத் திறந்தார். பள்ளம் மேலே. இரண்டு ஓரமும் சமமாக ஓர் அமுக்கு. மூடினார். எல்லாரையும் ஒரு முறை கம்பீரமாகப் பார்த்துவிட்டுச் சுவிட்சைப் போட்டார்.

ஒன்றும் ஆகவில்லை.

அணைத்துப் போட்டார். பிளக்கைப் பிடுங்கிச் சொருகினார். மெஷினின் இடுப்பில் ஒரு தட்டு தட்டினார். டிங் என்ற சத்தம்கூட இல்லை. வேனோடு வந்த ஆள் ஒருவன் திரும்பிக்கொண்டு சிரித்தான்.

"நேத்து ஓடுச்சு..." என்றார் பன்னீர்செல்வம்.

"சரி மாமா" என்றான் பிரேம்குமார், காய்ச்சல்காரரிடம் பேசுகிற குரலில். அக்காவை ஓரமாக அழைத்துப் போய் ஏதோ கேட்டான். நீலாவதி, "ரிட்டயர் ஆனதுலேர்ந்தே இப்படித்தான்" என்று சொன்னது இவர் காதில் விழுந்தது. "இது உனக்குச் சரிப்படாது தம்பி. கல்லா பக்கத்துல ஒரு டிவி வாங்கி மாட்டிடு."

"அதைத்தான் செய்யப்போறேன்க்கா" என்று டீயைக் குடித்து முடித்தான். வேன் போய்விட்டது. இனி இந்தப் பக்கம் மெஷின் என்று அவன் வாயைத் திறக்க மாட்டான்.

பன்னீர்செல்வம் மெஷினுக்கு முன்னால் இடிந்துபோய் நின்றார். நீலாவதி கதவைத் தாழிட்டு வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே இருந்து இருபத்து நாலு காலோடு ஒரு பூரான் வெளியே வந்தது.

"தள்ளுங்க கொஞ்சம்."

தலைப்பெட்டியைத் திறந்து அவர் போட்ட சிப்பை நோகாமல் உருவி அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் பூதக்கண்ணாடியை எடுத்து அதன் முதுகைப் பார்த்தார். கடைசியில் ஒண்ணு.

"இது... இது எப்படி என் கூட்டுக்குள்ள?"

"காலையில நீங்க பல்லு விளக்கப் போறப்ப மாத்துவேன். வாக்கிங் முடிச்சு வந்து குளிக்கப் போறப்ப திருப்பி மாத்திடுவேன். இன்னிக்கு நீங்க குளிக்கறதுக்கு முன்னாடியே வேன் வந்திடுச்சு. அதுவும் நல்லதாப் போச்சு. தம்பிகிட்ட நான் பொய் சொல்ல வேண்டிய அவசியமில்லாம நீங்களே நிரூபிச்சுக் காட்டிட்டீங்க."

"உனக்கு எப்படித் தெரியும், மெஷின் ஓடுதுன்னு?"

"ஒரு செவ்வாக்கெழமை கோயில்லேர்ந்து வந்து கண்ணாடியைத் தொட்டேன். சுட்டுச்சு. செத்த மெஷினுக்குக் காய்ச்சல் எப்படி வரும்?"

"அப்ப அந்த மூணு லட்சம்..."

"அது வியாழக்கெழமை. இன்னிக்கு விடியக்காலையில நாலு லட்சத்து ஆறாயிரம்."

நீலாவதி சிப்பை வைத்து இரண்டு கட்டைவிரலாலும் சமமாக அமுக்கினாள். சுவிட்சைப் போட்டாள். வீடே ஜொலித்தது. புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு, காலை அகட்டி நின்று, ஸ்பிரிங்கை இழுத்து விட்டாள். குண்டு பறந்தது. டிங், டிங், டிங். விழப்போன குண்டை இடது மட்டையால் தடுத்து, நிறுத்தி, நிதானமாகக் குறிபார்த்து வலது மூலைக்கு அனுப்பினாள். இப்படி ஒரு வித்தை இருப்பதே பன்னீர்செல்வத்துக்குத் தெரியாது.

இந்தப் பக்கம் நின்று பார்த்தார். அந்தப் பக்கம் நின்று பார்த்தார். இருபது நிமிஷம் ஆயிற்று. முதல் குண்டே இன்னும் விழவில்லை. கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, முப்பத்து நாலு வருஷம் லீவு கேட்ட அதே குரலில் கேட்டார்.

"நீலா... எனக்கு ஒரே ஒரு ஆட்டம்..."

குண்டிலிருந்து கண்ணை எடுக்காமலே அவள் சொன்னாள்:

"கிரைண்டர் பக்கத்துல அரிசி ஊறிக்கிட்டிருக்கு. போய் ஆட்டுங்க."